பெயர்பெற்ற உணவகத்தில் மேசை பிடிப்பது எப்படி

எத்தனை நாள் முன்பு, எத்தனை மணிக்கு முன்பதிவைத் திறக்கிறார்கள் என்பதை முதலில் உணவகத்தின் இணையதளத்தில் பாருங்கள். சில இடங்களில் தினமும் ஒரு தேதி திறக்கும். வேறு சில இடங்களில் ஒரு மாதம் முழுவதும் ஒரே நாளில் திறந்துவிடும். குறிப்பிட்டிருப்பது அந்த ஊர் நேரம். வெளிநாட்டிலிருந்து பதிவு செய்பவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இதில்தான்.

ரெஸி, ஓப்பன்டேபிள் போன்ற முன்பதிவுத் தளங்களில் எதை அந்த உணவகம் பயன்படுத்துகிறதோ, அதில் முந்தைய நாளே கணக்கு தொடங்கி, தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து, கார்டு விவரத்தைச் சேமித்து வையுங்கள். மேசை கண்ணில் பட்ட பிறகு கார்டு எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். வங்கி ஓடிபி கேட்கும் என்றால் அந்த எண் உள்ள போன் பக்கத்தில் இருக்கட்டும். திறக்கும் நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் தேர்ந்தெடுத்து, சரியான நொடியில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். இரவு 8 மணிதான் வேண்டும் என்று தேடாதீர்கள், கிடைத்ததைப் பிடியுங்கள். இரண்டு பேருக்கான மேசைகள்தான் பெரும்பாலும் அதிகம். ஐந்து, ஆறு பேர் என்றால் பாடுதான்.

அன்று கிடைக்காவிட்டால் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நல்ல வாய்ப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. ரத்துக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்கள் பல, 24 அல்லது 48 மணி நேரம் முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்ய விடுகின்றன. இரண்டு மூன்று இடங்களில் பதிவு செய்து வைத்தவர்கள் அந்தக் கெடு நெருங்கும்போதுதான் வேண்டாததைக் கைவிடுவார்கள். கெடு எப்போது என்று விதிமுறையில் பார்த்து, அதற்கு முந்தைய சில மணி நேரம் அடிக்கடி தேடுங்கள். மேசை காலியானால் தெரிவிக்கும் அறிவிப்பு வசதியையும் தளத்தில் போட்டு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்: ஒரே மேசைக்கான அறிவிப்பு பலருக்குப் போகும், முதலில் தட்டுபவருக்கே இடம். அடுத்தடுத்த நாட்களுக்கும், முன்மாலை, இரவு தாமதமான நேரங்களுக்கும் தனித்தனியாக அறிவிப்பு போட்டு வைத்தால் வாய்ப்பு கூடும்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கும் இடங்களில் கதை வேறு. பணம் பொதுவாகத் திரும்பாது, ஆனால் பதிவை இன்னொருவர் பெயருக்கு மாற்ற அனுமதிப்பது உண்டு. அதனால் கடைசி நேரத்தில் மேசை தளத்துக்குத் திரும்புவது குறைவு. காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுப்பதே வழி.

பார் கவுண்டர் இருக்கைகளை முன்பதிவில்லாமல் வருபவர்களுக்கென ஒதுக்கும் உணவகங்களும் உண்டு. ஒன்றிரண்டு பேர் என்றால் கதவு திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். தொலைபேசியில் கேட்பதானால் பரிமாறும் பரபரப்பில்லாத பிற்பகலில் அழையுங்கள்.

இடைத்தரகரிடம் மேசையை விலைக்கு வாங்காதீர்கள். வேறொருவர் பெயரில் இருக்கும் பதிவை உணவகம் கண்டுபிடித்தால் ரத்து செய்யலாம், கொடுத்த பணமும் போகும். உணவகத்துடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் இப்படி விற்கும் தளங்களைத் தடுக்க நியூயார்க் மாநிலம் 2024இல் சட்டமே கொண்டுவந்தது.