பப்பிள் நெருங்கும்போது கையில் எட்டு பிக் பிளைண்ட்

பரிசு 90 பேருக்கு, மிச்சம் இருப்பது 93 பேர், உங்களிடம் எட்டு பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பெரிய பந்தயம்) அளவுக்குச் சிப்ஸ். போக்கர் டோர்னமென்டில் பப்பிள் எனப்படும், பரிசுக்குச் சற்று முந்தைய இந்தக் கட்டத்தில் சீட்டைப் புரட்டுவதற்கு முன் மற்றவர்களின் சிப்ஸைப் பாருங்கள். உங்களைவிடக் குறைவாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு பிக் பிளைண்ட் எப்போது வருகிறது? இரண்டு மூன்று பிளைண்டோடு தவிப்பவர்கள் நாலைந்து பேர் இருந்தால், சுமாரான சீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அப்படி ஒருவரும் இல்லையென்றால், காத்திருக்கக் காத்திருக்க நீங்கள்தான் கரைவீர்கள்.

ஸ்மால் பிளைண்ட் 1000, பிக் பிளைண்ட் 2000, பிக் பிளைண்டில் இருப்பவர் மேசைக்காகக் கூடுதலாகப் போடும் ஆன்டி 2000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 5000 போகிறது. உங்கள் 16,000 மூன்று சுற்றுக்குச் சற்று மேல் தாங்கும். இடையில் லெவல் ஏறினால் (பிளைண்ட் தொகை உயர்ந்தால்) அதுவும் கிடையாது. அதே 5000-ஐ ஒருமுறை எதிர்ப்பில்லாமல் தூக்கிவிட்டால் கையிருப்பு 31 சதவீதம் கூடும்.

தூக்குவதற்கு ஒரே வழி, முதல் ஆளாக ஆல்-இன், அதாவது மொத்த சிப்ஸையும் தள்ளுவது. 4000-க்கு ரைஸ் செய்துவிட்டு (பந்தயத்தை உயர்த்திவிட்டு), எதிராளி மேலே ஏற்றியதும் ஃபோல்ட் செய்தால் (சீட்டை விட்டுவிட்டால்) கால்வாசி கையிருப்பு வீண். வெறுமனே கால் செய்து (இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகப் போட்டு) உள்ளே நுழைவது அதைவிட மோசம்.

எதிராளி ஃபோல்ட் செய்யும் வாய்ப்புதான் உங்கள் ஆயுதம். அது சிப்ஸ் குறையக் குறைய மழுங்கும். பட்டனிலிருந்து (டீலர் இருக்கையிலிருந்து) 16,000 தள்ளினால், பிக் பிளைண்டில் இருப்பவர் 21,000-க்காக இன்னும் 14,000 போட வேண்டும்: 40 சதவீத வெற்றி வாய்ப்பு இல்லாமல் அவருக்குக் கட்டாது. 4000 மட்டும் தள்ளினால், 9000-க்காக 2000 போட்டால் போதும், 18 சதவீதம். எந்தக் குப்பைச் சீட்டுக்கும் அது உண்டு. நல்ல சீட்டு வரட்டும் என்று இரண்டு பிளைண்டுவரை தேய்பவர் இதில்தான் மாட்டுகிறார். ஐந்துக்குக் கீழே இறங்குமுன் தள்ளிவிடுங்கள்.

யாரைத் தாக்குவது? நடுத்தர சிப்ஸ்காரரை. பரிசுக்குப் பக்கத்தில் வந்து வெளியேற அவருக்குத்தான் மனம் வராது. மலைபோல் குவித்து வைத்திருப்பவர் பிளைண்டில் இருந்தால் நிதானம். உங்கள் எட்டு பிளைண்ட் அவருக்குச் சில்லறை, கால் செய்து பார்த்துவிடுவார். பட்டனில் உங்களுக்குப் பின் இரண்டே பேர் என்பதால் எந்த ஜோடியும், பெரும்பாலான ஏஸும் போதும். முதல் இருக்கைகளில் நடுத்தர ஜோடிக்குக் குறைந்தால் விட்டுவிடுவேன்.

அடுத்தவர் ஆல்-இன்னுக்கு நீங்கள் கால் செய்வது முற்றிலும் வேறு கணக்கு. நான்கு பேர் சம சிப்ஸ், பரிசு 50, 30, 20. ஐசிஎம் (சிப்ஸைப் பரிசுப் பணத்தின் மதிப்பாக மாற்றும் முறை) கணக்கில் ஒவ்வொருவரின் மதிப்பு 25. ஒருவரை வென்று சிப்ஸ் இரட்டித்தாலும் உங்கள் மதிப்பு 50 ஆவதில்லை, 38.3-தான். தோற்றால் 25-ம் போய்விடும் என்பதால், பிளைண்டை விட்டுப் பார்த்தால் 65 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டையும் தள்ளுகிற ஆளுக்கு எதிராகவே சூட் (சின்னம்) சேராத ஏஸ்-கிங் இந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறது, அவ்வளவுதான். பலரும் இங்கேதான் 'ஏஸ்-டென் ஆச்சே' என்று கால் செய்து வெளியேறுகிறார்கள்.

வென்றவர்கள் எல்லாருக்கும் ஒரே பரிசாகப் பெரிய டோர்னமென்டில் இடம் தரும் சேட்டலைட்டில் இது உச்சத்துக்குப் போகும்: இடம் ஏறக்குறைய உறுதியென்றால் ஜோடி ஏஸையே ஃபோல்ட் செய்வது சரியாகலாம்.

கைக்குக் கை ஆடும்போது (எல்லா மேசைகளும் ஒவ்வொரு ஆட்டமாக ஒரே நேரத்தில் ஆடும்போது) ஒரு விதியை நினைவில் வையுங்கள். ஒரே கையில் வெவ்வேறு மேசைகளில் இருவர் வெளியேறினால் அந்த இடங்களின் பரிசைப் பங்கிடுவார்கள். ஒரே மேசை என்றால், அந்தக் கையை அதிக சிப்ஸோடு தொடங்கியவர் மேலே.

பப்பிள் உடைந்த மறு கையிலிருந்து நிலைமை தலைகீழ். அதுவரை அடக்கி வாசித்தவர்கள் எதையெடுத்தாலும் தள்ளுவார்கள், சும்மா சும்மா கால் செய்வார்கள். முந்தின கையில் எடுபட்ட வெற்று மிரட்டல் இனி எடுபடாது. முன்பு ஃபோல்ட் செய்த ஏஸ்-டென்னுக்கு இப்போது கால் செய்யலாம்.