மண் பாதையில் கேரவனுக்குள் புழுதி ஏறாமலிருக்க

மண் பாதையில் இறங்கும் முன், கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு வண்டி) கூரையிலுள்ள ஹேட்ச்சை, அதாவது காற்றுக்காகத் திறக்கும் மூடியை, முன்பக்கம் பார்த்தபடி இரண்டு விரல் அகலம் திறந்துவிட்டு, ஜன்னல்களை இறுக மூடிவிடுங்கள். திறந்தால் புழுதி வராதா என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. வண்டி ஓடும்போது கேரவனின் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும், சக்கரம் கிளப்பும் செம்மண் பொடி கதவு ரப்பர், தரையில் குழாய் இறங்கும் துளை வழியாக உள்ளே இழுபடும். மேலிருந்து வரும், புழுதி குறைந்த காற்று உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவதால் அந்த இடுக்குகளில் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது.

இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியிலிருந்து, முக்கியமாக அடியிலிருந்து பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தெரியும். அங்கே சிலிக்கோன் பசை பூசினால் போதும். கதவின் கீழுள்ள கேஸ் வென்ட்டை (கசியும் சமையல் கேஸ் வெளியேறும் திறப்பு) மட்டும் நிரந்தரமாக அடைக்கக்கூடாது. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, ஓடும் நேரத்துக்கு மட்டும் டேப் ஒட்டலாம். அடுப்பு பற்றவைக்கும் முன் பிரித்துவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா டிராக் போன்ற மண் பாதையில் முன்னால் இன்னொரு வண்டி போனாலோ, ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுத்துவரும் நீண்ட லாரி) எதிரே வந்தாலோ இது பலிக்காது: கூரை உயரத்திலும் புழுதிதான். ஓரம் கட்டி, அடங்கியபின் கிளம்புங்கள். ஓட்டத்தில் திறந்திருக்கத் தோதில்லாத சாதாரண பிளாஸ்டிக் ஹேட்ச் என்றால் முயலவே வேண்டாம், மூடி பிய்த்துக்கொண்டு போய்விடும்.