கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டத்தில் வெள்ளை முள்ளங்கி: விதைப்பதிலிருந்து பிடுங்குவது வரை

ரூட்டபேகா, டர்னிப் என்று குளிர்நாட்டுக் கிழங்கு விதைகள் இப்போது இணையத்தில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. நம் பக்கத்தில் அதற்குப் பணம் கொடுப்பது வீண். ரூட்டபேகா கிழங்கு திரள 15 முதல் 20 டிகிரி வரையான குளிர் மூன்று மாதம் நீடிக்க வேண்டும். கடலூரில் தை மாத நள்ளிரவில்தான் வெப்பம் 20 டிகிரி பக்கம் வருகிறது. அதே குடும்பத்தில் இந்த வெயிலைத் தாங்குவது முள்ளங்கி. ரகத்தைப் பொறுத்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சாம்பாருக்கு வந்துவிடும்.

முதல்முறை போடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "கீரைதான் வந்தது, கிழங்கு வரலை." விதையைக் குறை சொல்லுமுன் மண்ணையும் நெருக்கத்தையும் பாருங்கள்.

எப்போது, எந்த ரகம்

மழை விட்ட பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து தை முழுக்க விதைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் ஒரே கனமழையில் விதை வரப்போரம் ஒதுங்கிவிடும். தப்பி முளைத்ததும் அழுகும். இந்தப் பட்டத்துக்கு அர்கா நிஷாந்த் நல்லது, 50 முதல் 55 நாள். ஆடி, ஆவணியில் போட ஆசைப்பட்டால் வெயில் தாங்கும் பூசா சேத்கியை எடுங்கள், 40 முதல் 45 நாள். வெயில் காலக் கிழங்கில் காரம் சற்றுத் தூக்கலாகத்தான் இருக்கும்.

பாத்தி

வேலையில் பாதி இங்கேதான். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். முருங்கை நிழலில் இலை மட்டும் நீளும்.

10 அடி நீளம், 3 அடி அகலத்துக்கு ஒரு பாத்தி எடுத்து, ஒரு அடி ஆழம் மண்வெட்டியால் கொத்துங்கள். கல், ஓட்டுச் சில்லு, பழைய வேர் எல்லாவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். முள்ளங்கியின் ஆணிவேர்தான் கிழங்காகிறது. அது போகிற வழியில் கல் இடித்தால் கவைத்து இரண்டு மூன்று காலாகப் பிரியும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் இந்தச் சரளைக்கல் தொல்லை அதிகம். சல்லடையில் சலித்துப் போட்டாலும் தகும். கெடிலம் ஆற்றோரத்துக் களிமண் என்றால் மணலும் எருவும் கலந்து அரை அடி உயர மேட்டுப்பாத்தியாக அமையுங்கள். கடற்கரை மணலில் கிழங்கு நேராக இறங்கும், ஆனால் சத்து நிற்காது. எருவைக் கூட்டிப் போடுங்கள்.

இந்த அளவுப் பாத்திக்கு நன்றாக மக்கிய தொழு உரம் 8 கிலோ, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ, விறகுச் சாம்பல் இரண்டு கைப்பிடி. பச்சைச் சாணம் கூடாது. அதனாலும் வேர் கவைக்கும். கடலைப் புண்ணாக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பதால் கரைத்துக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. தழைச்சத்து மிஞ்சி, முழங்கால் உயரம் இலையும் சுண்டுவிரல் அளவு கிழங்கும்தான் மிச்சம்.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு 15 அங்குல உயரமுள்ள பை வேண்டும். செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலக்கலாம். 15 அங்குல அகலப் பையில் நான்கு செடிக்கு மேல் வைக்காதீர்கள்.

விதைப்பு

வரிசைக்கு வரிசை ஒரு அடி. வரிசைக்குள் நான்கு அங்குலத்துக்கு ஒரு குழி, அரை அங்குல ஆழம், குழிக்கு இரண்டு விதை. மேலே சொன்ன பாத்தியில் மூன்று வரிசை பிடிக்கும். சுமார் 2 கிராம் விதை போதும். மொத்தத்தையும் ஒரே நாளில் போடாமல் பத்து நாள் இடைவெளியில் வரிசை வரிசையாகப் போட்டால், வீட்டுக்குத் தேவையான அளவு வந்துகொண்டே இருக்கும்.

நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் வேலை இதற்கு ஆகாது. ஆணிவேர் நுனி முறிந்தால் கிழங்கு கோணலாகும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைக்கும். ஒரு வாரமாகியும் முளைக்காத குழியில் புது விதை போடுங்கள், பக்கத்துச் செடியைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

கலைத்துவிடுவது

பத்துப் பன்னிரண்டாம் நாள் குழிக்கு ஒரு செடியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். முளைத்ததை அழிக்க மனசு வராதுதான். ஆனால் இரண்டையும் விட்டால் இரண்டும் திரளாது. பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும் என்பதால் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டுங்கள். வெட்டிய இளங்கீரையைப் பாசிப்பருப்போடு பொரியல் செய்துவிடலாம்.

இருபதாம் நாளுக்கு மேல் கிழங்கின் தோள் வெளியே தெரியும். மண் அணைத்து மூடாவிட்டால் அந்தப் பகுதி பச்சையாகிவிடும்.

தண்ணீர்

மணல் பாத்திக்கு முதல் வாரம் தினமும் பூவாளியால், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். களிமண்ணுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காயப்போட்டுவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கிழங்கு நெடுக வெடிக்கும்.

உப்புத் தண்ணீரை முள்ளங்கி தாங்காது. தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தால், குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோதான் வழி. இலை ஓரம் கருகுவது முதல் அடையாளம்.

பூச்சியும் குறையும்

இலையில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள் இருந்தால் தத்து வண்டு. காலையில் ஈர இலைமேல் சாம்பல் தூவுங்கள். தொட்டால் சுருண்டு விழும் கரும்புழுவைக் கையால் பொறுக்குவதே சுருக்கமான வழி. மேகமூட்ட நாட்களில் அசுவினி அடிக்குருத்தில் அப்பும். லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையடியில் தெளிக்கலாம். தெளித்த பின் ஐந்து நாள் கீரை பறிக்காதீர்கள்.

அறுத்தால் நடுவில் பழுப்பேறியிருப்பது போரான் என்ற நுண்சத்தின் பற்றாக்குறையாக இருக்கலாம். மணல் நிலத்தில் போரான் மழையோடு கரைந்து போய்விடும். அடுத்த விதைப்புக்கு முன் போரான் தரும் போராக்ஸ் உப்பு 3 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாத்தி முழுக்கத் தெளித்தால் போதும். கூடினால் செடிக்கு நஞ்சு.

பிடுங்குவது

தோள் ஒன்றரை அங்குலப் பருமன் வந்ததும் எடுங்கள். முதல்நாள் மாலை நனைத்துவிட்டு, காலையில் இலைக் கொத்தை அடியில் பிடித்து நேர் மேலாக இழுத்தால் முறியாது. உடனே இலையை வெட்டிவிடுங்கள். இருந்தால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி வாட வைக்கும். பெரிதாகட்டும் என்று பத்து நாள் விட்டால் நார் ஏறி உள்ளே சக்கையாகும்.

விட்டுப்போன செடி பூத்துவிட்டால், பிஞ்சுக் காயைப் பொரியல் செய்யலாம். அதே பாத்தியில் அடுத்துக் கோஸ், காலிஃபிளவர், நூக்கல் வேண்டாம், பூச்சி அப்படியே தொடரும். பாத்தி காலியானதும் கொத்தவரையோ வெண்டையோ ஊன்றுங்கள்.