பெற்றோர் குழுவில் இரண்டு ஒருங்கிணைப்பாளர்களுக்குள் மனத்தாங்கலா? ஒவ்வொரு படியாகத் தீர்க்கலாம்

வேலை பாதியாகட்டும் என்றுதான் பெற்றோர் குழுவுக்கு இரண்டு பேரை ஒருங்கிணைப்பாளராகப் போடுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருப்பார்கள். நவம்பர் 14 குழந்தைகள் தின விழா நெருங்கும்போது பார்த்தால் ஒருவர் சுண்டலுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார், இன்னொருவர் சமோசா ஆர்டர் செய்திருப்பார், அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நான் பார்த்தவரை குணம் ஒத்துப்போகாமல் வருகிற சண்டை குறைவு. எதில் யார் முடிவெடுப்பது என்று முதலிலேயே பேசாததால் வருவதுதான் அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேறு. அது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமைவது, நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். அங்கே வரும் தகராறைக் கூட்டத்தில் வைத்துத்தான் பேசவேண்டும். விழாவுக்கும் சுற்றுலாவுக்கும் கைகொடுக்க நாமாகச் சேர்ந்த குழுவுக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது, நாமேதான் ஒழுங்கு வைத்துக்கொள்ளவேண்டும்.

படி 1: வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடாதீர்கள்

எவ்வளவு கோபம் வந்தாலும் சரி. "பார்த்தேன், அக்காகிட்ட பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்", இதைமட்டும் போட்டுவிட்டு போனை வைத்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் மறைமுகமாகக் குத்துவதும் வேண்டாம். நாற்பது அம்மாக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தால், அடுத்த வாரம் அவர்கள் பிள்ளைகளும் வகுப்பில் தள்ளித்தள்ளி உட்காரும்.

படி 2: இரண்டு நாளுக்குள் நேரில் பேசுங்கள்

பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள், எல்லோர் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். சாயங்காலம் நம் கடலூர் சில்வர் பீச் பக்கமோ, பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்திலோ உட்காருங்கள். துணைக்கு யாரையும் கூட்டிப்போக வேண்டாம், வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. நடந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: "அக்கா, சமோசா சொன்னது எனக்குத் தெரியாமப் போச்சு, நானும் சுண்டலுக்குப் பணம் குடுத்துட்டேன், இப்ப என்ன பண்ணலாம்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, ஆனால் அவர் பக்கம் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் வெளியே வரும். உதாரணத்துக்கு, அவர் முதுநகரில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவராக இருந்தால் இரவு ஒன்பதுக்கே தூங்கிவிடுவார். மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் பத்தரைக்கு அனுப்பிய மெசேஜுக்கு அவர் பதில் போடாததை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவரோ, தான் தூங்கும் நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறீர்கள் என்று நினைத்திருப்பார். மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன் என்று பேசிவைத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

படி 3: எதில் யார் சொல்வதே முடிவு என்று எழுதுங்கள்

வேலையை மட்டும் பிரித்தால் போதாது. ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்:

தின்பண்டம் – முதுநகர் அக்கா முடிவு. 2,000 ரூபாய் தாண்டினால் இருவரும்.
மேடை, ஷாமியானா – மஞ்சக்குப்பம் அக்கா முடிவு.
மழை வந்தால் – காலை ஏழு மணிக்குள் இருவரும் போனில் பேசுவது.

மழையை விளையாட்டுக்கு எழுதவில்லை. நவம்பரில் நம் ஊரில் கலெக்டர் காலையில் விடுமுறை அறிவித்தால், ஷாமியானாக்காரருக்கு யார் சொல்வது என்ற ஒரு கேள்வியே பெரிய சண்டையாகும். கருத்து ஒத்துவரவில்லையா, அந்த வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வதே முடிவு, மற்றவர் குரூப்பில் அதைக் குறைசொல்லிப் பேசக்கூடாது.

படி 4: கணக்கை மூன்றாவது ஆளிடம் கொடுங்கள்

யாருடைய ஜிபேயில் பணம் வந்தாலும் கணக்கு எழுதுவது இன்னொரு பெற்றோர். பில் போட்டோ அன்றைக்கே குரூப்பில்.

படி 5: இன்னும் தீரவில்லையென்றால்

இருவருக்கும் வேண்டியவராக ஒரு பெற்றோரை நடுவில் வைத்துப் பேசுங்கள். சுண்டல் சண்டையைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகாதீர்கள், அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் பணம் குறைந்தால், பிள்ளைகள் பாதுகாப்பில் குறை வந்தால், சாதியைச் சொல்லி யாராவது பேசினால், சமாதானம் பேசிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் அன்றைக்கே அவரிடம் போங்கள்.

படி 6: விலகுவதென்றால்

விழா முடிந்த பிறகு விலகுங்கள், முந்தின நாள் வேண்டாம். கணக்கு நோட்டு, மீதிப் பணம், ஷாமியானாக்காரர், சமையல்காரர், வேன் டிரைவர் நம்பர்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நோட்டிலேயே கையெழுத்து வாங்குங்கள். அட்மின் பொறுப்பையும் மாற்றிக்கொடுங்கள். குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம், உங்கள் பிள்ளை இன்னும் அந்த வகுப்பில்தானே படிக்கிறது.