ஒரு 'ல' போதும்: கட்டட வேலைக்கு வரும் புது இன்ஜினியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருநெல்வேலியில், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வேலை. பயிற்சிக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத தம்பி ஒருவர், சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த கொத்தனாரைப் பார்த்து, "ஏல, கீழ இறங்கி வா" என்றார். எங்கள் பக்கத்து 'ஏல' என்றால் 'டேய்'; பேச்சின் கடைசியில் ஒட்டுகிற 'ல'வும் 'டா' மாதிரிதான். கொத்தனாருக்கு ஐம்பத்தெட்டு வயது. கரண்டியைச் சட்டி விளிம்பில் வழித்து வைத்துவிட்டு இறங்கி வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். மறுபடி ஏறிப் போனார். சாயங்காலம் வேலை முடியும்வரை அவர் வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். அதற்கு நான் கொடுத்த விலை அந்தத் தம்பிக்குத் தெரியாது. அவருக்கும் அவரைப்போல் சைட்டுக்கு வரப்போகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். கெட்ட வார்த்தை பேசாதே, கை நீட்டாதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை வீட்டிலேயே சொல்லி வளர்த்திருப்பார்கள்.

'ஏல' நம்ம ஊர்ப் பேச்சுதானே என்று நினைப்பது

அந்தத் தம்பியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான சார் பேசுதாங்க" என்றார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

வண்ணார்பேட்டையில் டீக்கடை வாசலில் இரண்டு கூட்டாளிகள், "ஏல, எப்பல வந்த?" என்று கேட்டுக்கொள்ளும்போது அதில் இருக்கிற பிரியம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த 'ஏல' போகவும் வேண்டும், வரவும் வேண்டும். கொத்தனார் உங்களைத் திருப்பி 'ஏல' என்று கூப்பிட முடியுமா? அவர் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு பக்கம் மட்டுமே போகிற 'ஏல' வசவுதான்.

'அண்ணாச்சி' என்று எவ்வளவு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது! மளிகைக் கடைக்காரரையும் பஸ் கண்டக்டரையும் அப்படிக் கூப்பிடுகிறோம். நமக்குக் கூரை போட்டுத் தருகிறவரிடம் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? பெண்களென்றால் அக்கா. வயது கூடியவர் என்றால் ஆச்சி. வயதில் சின்னவர் என்றால் பெயர் சொல்லி, 'வாங்க' போட்டுப் பேசுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டுக்காரர் முன்னால் சத்தம் போடுவது

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மாடி வீடு, முன்பக்கம் நாலடி நீளத்துக்குத் தாங்கு தூண் இல்லாத பால்கனி. மறுநாள் காலையில் தளம் போட வேண்டும். ஐப்பசி மாதம், மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் வந்திருந்தார். கம்பி கட்டுகிற அண்ணாச்சி இடுப்பில் கொக்கியைச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், பால்கனிக்குச் சேர் கம்பி பத்தாது. இன்னும் பத்துப் பதினைஞ்சு போட்டுக்கிடுதேன். நாளைக்கு ஆளுக ஏறி மிதிச்சா கம்பி அமுங்கிரும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. சுவருக்கு வெளியே நீட்டி நிற்கும் தளம் தன் பாரத்தால் கீழே வளையப் பார்க்கும். அப்போது இழுபடுவது மேல்பக்கம். காங்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் அறையின் தளத்தில் அடியில் போகிற முக்கியக் கம்பி, பால்கனியில் மேலே நிற்க வேண்டும். அது இறங்காமல் தூக்கிப் பிடிக்கத்தான் முக்காலி மாதிரி வளைத்து அடியில் வைக்கிற சேர் கம்பி. 125 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்தில் மேலிருந்து 25 மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய கம்பி இரண்டு அங்குலம் கீழே இறங்கினால், பால்கனி தாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான்.

ஆனால் அந்த நேரம் என் காதில் விழுந்தது, 'வீட்டுக்காரர் முன்னால் இவர் என்னைத் திருத்துகிறார்' என்பது மட்டும்தான். "நாளைக்குக் காலைல தளம் போடணும். இப்ப வந்து கதை சொல்லிக்கிட்டிருக்க. சொன்னதைச் செய்ல" என்றேன்.

அவருக்கு என் அப்பா வயது. அவருடைய மகன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது. அண்ணாச்சி, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'ல' சபையில் கேட்ட மாதிரி எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் நான் மிக்சர் பக்கத்தில் நின்று சிமென்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். மழைக்குப் பயந்து எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போயிற்று. பால்கனிக் கம்பியின் மேலேயே நடந்து, அதன் மேலேயே நின்று கொட்டினார்கள். மேலே போய் நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அண்ணாச்சி மேலேதான் இருந்தார். பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

பதினைந்தாம் நாள், தளத்தைத் தாங்கியிருந்த முட்டுகளைப் பிரித்தோம். அடுத்த நாள் காலையில் சுவரை ஒட்டி, பால்கனியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரிசல். ஒரு ரூபாய்க் காசு உள்ளே போகும். நுனி இறங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. மறுபடி முட்டுக் கொடுத்து உடைத்துப் பார்த்தால், கம்பி தளத்தின் நடுவில் கிடக்கிறது. பால்கனியை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். என் மூன்று மாதச் சம்பளம் அதில் போயிற்று.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. ஆறாதது வேறு. கான்ட்ராக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். கம்பி அமுங்கியது குறைந்தது ஆறு பேருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மிக்சர்க்காரர் சொன்னார்: "சார் கோவிப்பாகன்னு சொல்லல."

நான் திட்டியது ஒருவரை. வாயடைத்துப்போனது சைட் முழுவதும். ஒரு கட்டடத்தில் தப்பு நடந்தால் முதலில் தெரிவது அதன் மேல் நிற்கிறவருக்குத்தான். உங்களிடம் வந்து சொல்லலாமா, சொன்னால் அவமானப்படுவோமா என்று அவர் ஒரு நொடி யோசித்தால் போதும், அதற்குள் காங்கிரீட் விழுந்து மூடிவிடும்.

இன்னொரு தப்பும் செய்தேன். மூன்று நாள் கழித்து அண்ணாச்சியை டீக்கடையில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். திட்டியது பத்துப் பேர் முன்னால், மன்னிப்புக் கேட்டது கடை மூலையில். "விடுங்க சார், அதுக்கென்ன" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார். அதற்கப்புறம் நான் இருக்கும் சைட்டுக்கு அவர் வரவே இல்லை. எத்தனையோ முறை ஆள் விட்டுக் கேட்டும் வரவில்லை.

அதனால் வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது உங்கள் குரல் வழக்கத்தைவிட ஒரு படி கீழே இறங்கட்டும். குற்றம் இருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் தப்பாகப் பேசிவிட்டால், யார் முன்னால் பேசினீர்களோ அவர்கள் முன்னாலேயே அன்றைக்கே திருத்திக்கொள்ளுங்கள்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது

வரைபடம் எல்லாவற்றையும் சொல்லாது. ஆற்றை ஒட்டின பகுதியில் ஒரு வீட்டுக்கு ரோட்டிலிருந்து இரண்டடி உயரத்தில் தரைமட்டம் குறித்திருந்தேன். பக்கத்து மனையில் காவலுக்கு இருந்த தாத்தா, "தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல இங்கன இடுப்பளவு தண்ணி தம்பி" என்றார். பால்கனிக்கு அப்புறம் நடந்தது இது, அதனால் நின்று கேட்டேன். எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது என்று அவரிடமே விசாரித்து, வீட்டுக்காரரிடம் பேசி மட்டத்தை உயர்த்தினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீரில் நின்றது. அந்த வீட்டு வாசற்படியில் மேல்படி நனையவில்லை.

மானூர்ப் பக்கத்துக் கரிசலும் அப்படித்தான். மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். மண் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். கூடவே, கோடையில் வெடிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று அந்தக் காட்டுக்காரரிடமும் கேளுங்கள். "எனக்குத் தெரியல, நீங்க சொல்லுங்க" என்று சொல்லப் பழக எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

மரியாதை என்றால் விட்டுக்கொடுப்பது என்று நினைப்பது

கலவை இளகலாக இருந்தால் போட லேசு என்று, "இன்னும் கொஞ்சம் தண்ணி விடு" என்பார்கள். விடக் கூடாது. வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகப் போடுகிற எம்20 தரக் கலவையில், 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கூடுதல் தண்ணீர் பின்னால் வற்றி ஓட்டை ஓட்டையாகிவிடும், வலு குறையும். "அண்ணாச்சி, தண்ணி வேண்டாம். வைப்ரேட்டர் நல்லா ஓட்டுவோம், நானும் மேலயே நிக்கேன்" என்று, கலவையை அதிர வைத்து இறுக்குகிற அந்த மிஷினைக் காட்டிச் சொல்லிவிட்டு நிஜமாகவே போய் நில்லுங்கள். வெயிலில் கூட நிற்கிறவர் சொல்லும் 'வேண்டாம்' யாருக்கும் உறுத்தாது.

'எந்தத் தெரு?' என்று கேட்பது

ஊர் எது என்று கேட்டபிறகு தெருவையும் கேட்பது எதற்கென்று நம் பக்கத்தில் கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரை எழுதிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிற ஜில்லா இது. அந்தக் கேள்வி உங்கள் சைட்டுக்குள் நுழையவே வேண்டாம். டீயும் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாசில் வரட்டும்.

சித்தாள் அக்காக்களுக்கு மறைவிடம் இல்லாமல் வேலையைத் தொடங்குவது

சித்திரை வெயிலில் செங்கல் சுமக்கிற ஒரு அக்கா தண்ணீரே குடிக்காமல் இருந்ததைப் பார்த்து, ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். கூட இருந்தவர்தான், "குடிச்சா எங்க போக சார்?" என்றார். எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 1996-லேயே கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. இப்போது நான் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் முன்பே நாலு தகரம் அடித்து, கதவும் தாழ்ப்பாளும் போட்ட ஒரு கழிப்பறை வைத்துவிடுகிறேன். வாளியும் தண்ணீரும் உள்ளேயே இருக்கும். வாக்குவாதமே கிடையாது, வீட்டுக்காரர் எஸ்டிமேட்டில் அது முதல் வரி.

சனிக்கிழமைக் கூலி

சனிக்கிழமையே, எண்ணி, கையில்.

நல வாரிய அட்டை

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் இருந்தால் படிவம் நிரப்பிக் கொடுங்கள். அரை மணி நேர வேலை.

வடக்கேயிருந்து வந்த தம்பிகளை 'ஏய் இந்தி' என்று கூப்பிடுவது

ஒடிசாவில் அவனுக்கும் அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது.

பெயர் தெரியாமல் தளம் போடுவது

அடுத்த வாரம் பெருமாள்புரத்தில் ஒரு தளம். வரப்போவது பதினெட்டுப் பேர். 'ஏல' என்று கூப்பிட்ட தம்பியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பதினெட்டுப் பேருடைய பெயரையும் ஊரையும் அவரவரிடமே கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். தெரு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நேற்று சாயங்காலம் வரைக்கும் பதினொன்று எழுதியிருந்தார். முதல் வரியில் இருந்தது அந்தக் கொத்தனாருடைய பெயர், பக்கத்தில் 'அண்ணாச்சி' என்று போட்டு.