சேவைப் பயணத்தில் வீடு முடித்துக் கொடுக்கப் போகிறீர்களா? பெயின்ட் டப்பாவைக் கடைசியில் வாங்குங்கள்

எங்கள் சேகரத்து (சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) வாலிபர் சங்கம் முதன்முதலாக வீட்டு வேலைக்கு என்று வேதாரண்யம் பக்கம் போனது 2020 ஜனவரியில். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 14 பேர், ஐந்து நாள், கட்டி முடிக்காமல் நின்ற மூன்று வீடு. பட்டி (பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) பார்த்து, பெயின்ட் அடித்து, ஜெபம் பண்ணி, வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். மார்ச் முதல் வாரம் ஒரு வீட்டு அக்கா போன் பண்ணினார். "தம்பி, செவரு பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டுது. பெருக்கி மாளல."

அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. 2022 மே மாதம்தான் திரும்பப் போய்ச் சரி செய்ய முடிந்தது. இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். வண்டி, தங்குமிடம், காணிக்கை பிரிப்பது எல்லாம் உங்கள் சபைக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

1. எந்த வீடு, எவ்வளவு வேலை

இந்த வீடுகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்பது அடிப்படைத் தொகை. வீடு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும். கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியாகவும் தருகிறது. வேலை முடிய முடியத் தவணையாகத்தான் பணம் வரும். கூரை போடுவதோடு கையிருப்பும் கடனும் தீர்ந்துபோகும். உட்பூச்சு, தரை, பெயின்ட் அப்படியே நின்றுவிடும்.

ஆகவே ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்காரரிடம் முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் பெயின்ட் பெயின்ட் என்று நின்ற ஒரு வீட்டில் அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது கழிப்பறைக்கு ஒரு கதவு. அதோடு, வீட்டுக்காரர் எந்த மதமானாலும் சுவிசேஷக் கைப்பிரதியை வண்டியிலேயே விட்டுவிடுவது என்று எங்கள் ஆயரே சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

2. பூச்சு வேலையை நீங்கள் செய்யாதீர்கள்

உள்ளூர் கொத்தனாரை வைத்து, நீங்கள் போவதற்கு ஒன்றரை மாதம் முன்பே பூச்சை முடித்துவிடுங்கள். காணிக்கைப் பணத்தில் முதல் செலவு அவர் கூலிதான். இஞ்சினியரிங் படிக்கிற பையன்கள் மணியாசுக் கட்டையை (பூச்சைத் தேய்த்துச் சமனாக்கும் கட்டை) பிடித்தால் சுவர் அலை அடிக்கும், எங்களிடம் சாட்சி இருக்கிறது. பூசிய சுவரை ஒரு வாரம் நனைக்க வேண்டும், பிறகு நான்கு வாரமாவது காய விட வேண்டும். புதுச் சிமெண்டில் காரம் அதிகம், ஈரத்தோடு மேலே வந்து பெயின்டைத் தின்றுவிடும்.

கடலோர ஊர் என்றால் கலவைக்கும் நனைப்பதற்கும் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீர் லாரியில் வந்தாலும் பரவாயில்லை.

3. சுவர் காய்ந்ததா? (நாங்கள் கோட்டை விட்ட இடம்)

2020-இல் மூன்று தப்பை ஒன்றாகச் செய்தோம். பூச்சு முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. கலந்தது உப்புத் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருந்தது, அஸ்திவாரமே ஈரம். கையை வைத்துப் பார்த்தோம், காய்ந்த மாதிரித்தான் இருந்தது.

கையை நம்பாதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு தாள் தரையிலிருந்து ஓரடிக்குள், இன்னொன்று தோள் உயரத்தில். சாயங்காலம் ஒட்டி மறுநாள் மதியம் பிரியுங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, அந்தச் சுவர் பெயின்டுக்குத் தயாரில்லை. எங்களுக்கு மேல் தாள் சுத்தமாக இருந்தபோதும் கீழ்த் தாள் நனைந்திருந்தது. ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது உப்பு. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த சுவரைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, விழும் பொடியை அள்ளி வெளியே கொட்டுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி தேயுங்கள். பூப்பது குறைகிறவரைக்கும் இதுதான் வேலை.

4. பட்டியா, சுண்ணாம்பா?

உள்நாட்டு ஊர், ஈரமில்லாத சுவர் என்றால் பட்டி, ப்ரைமர் (பெயின்டுக்கு அடிப்பூச்சு), எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) என்று வழக்கம்போல் போகலாம். உப்பு மண்ணில் நான் சுண்ணாம்புக் கட்சி. பட்டியும் எமல்ஷனும் சுவரின் மூச்சை அடைக்கும், உள்ளே இருக்கிற ஈரம் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். உதிர்ந்தாலும் ஒரு வாளிச் செலவில் வீட்டுக்காரரே அடுத்த பொங்கலுக்கு அடித்துக்கொள்வார்.

கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ, ஏற்கெனவே நீற்றியதையே (தண்ணீர் சேர்த்துச் சூடு அடங்கியதை) வாங்குங்கள். நீற்றாததுதான் கிடைத்தது என்றால் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது, பள்ளிப் பிள்ளைகள் போகவே கூடாது. இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள்.

அடிக்கும் முன் சுவரை லேசாக நனையுங்கள். (ஆமாம், இவ்வளவு நேரம் காயவைத்த சுவரைத்தான். மேற்பரப்பு நனைந்தால் போதும்.) அடித்த உடனே சுவரில் ஒன்றுமே ஏறாத மாதிரித் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் எங்கள் ஆட்கள் கெட்டியாக அப்பிவிட்டார்கள், அது முழுவதும் பொருக்காக எழுந்தது. மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள்.

பழைய எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அந்த அக்கா வீட்டில் நாலடி உயரம்வரை எங்கள் பட்டியை நாங்களே சுரண்டி எடுத்தோம். ஒரு நாள் முழுக்க. கீழே சுண்ணாம்பு, மேலே பழைய பெயின்ட், நடுவில் கோணல்மாணலாக ஒரு கோடு. அதன் மேல் செங்காவியில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை இழுத்தோம். பழைய வீடுகளில் இருக்குமே, அது மாதிரி. அக்காவுக்கு அது பிடித்துப்போய், பக்கத்து வீட்டுக்கும் போடச் சொன்னார்.

5. அளவும் சாமானும்

பத்துக்குப் பத்து அறை, உயரம் பத்தடி. நாலு சுவரும் 400 சதுர அடி. கதவு 21, ஜன்னல் இரண்டுக்கு 24 கழித்தால் 355, கூரையோடு 455. ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு வரும் என்று டப்பாவில் அச்சடித்த கணக்கு வழவழப்பான சுவருக்கு. பட்டி பார்க்காத சுவர் அதைவிட நிறையக் குடிக்கும்.

ரோலரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மலிவு ரோலர் சுவர் முழுக்கப் பஞ்சை ஒட்டிவிடும். உப்புத்தாள் 180 நம்பர் போதும். சுண்ணாம்புக்கு நார் மட்டைதான் (நாரால் செய்த பிரஷ்), ரோலர் வேண்டாம். ஏணியை ஊரில் கடன் வாங்குவதானால் முதலில் கனமான ஆள் ஏறிப் பார்க்கட்டும். மதியச் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோங்கள். கேட்காமலே அந்த வீட்டில் உங்களுக்கு உலை வைத்துவிடுவார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள், சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுமே என்று. கெட்டியாக அடித்தால் ஒட்டும். கடைசிப் பூச்சில் கொஞ்சம் பசை கலந்தால் குறையும், எங்கள் தாத்தா காலத்தில் அரிசிக் கஞ்சி ஊற்றுவார்களாம். வெள்ளை பிடிக்காதவர்களுக்குச் செங்காவியைத் துளி கலந்தால் இளம் ரோஸ் வரும். மூன்று தடவைக்கும் வேண்டியதை ஒரே டிரம்மில் கலந்துவிடுங்கள். நாங்கள் வாளி வாளியாகக் கலந்ததில் ஒரு வீட்டில் நாலு சுவருக்கு நாலு ரோஸ்.