கைப்பேசியில் இணையம் வாசிக்க மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பேசியில் கட்டுரை வாசிக்க உலாவியே போதும் என்று இருந்தவர்கள் தனியாக ஒரு செயலியைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் எரிச்சலால்தான். விளம்பரம் பாதித் திரையை மறைக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, நேற்று பாதியில் விட்ட கட்டுரை எந்தத் தாவலில் கிடக்கிறது என்று தெரியவில்லை. அந்த எரிச்சலோடு செயலி அங்காடியைத் திறந்து, நட்சத்திரம் அதிகம் பெற்ற ஒன்றை நிறுவி, சில மாதங்கள் எல்லாவற்றையும் அதிலேயே சேமித்துவிட்டு, ஒரு நாள் அது காலை வாரியதும் மறுபடி முதலிலிருந்து தேடுகிறோம். நான் இப்படி நான்கு முறை மாறியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால், செயலிகளின் குறையைவிட அவற்றை நான் சோதித்த விதத்தின் குறையே பெரிது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நல்ல வைஃபை இணைப்பில், அந்தச் செயலியே முன்வைத்த மாதிரிக் கட்டுரைகளைத் திறந்து பார்த்துவிட்டு "அருமை" என்று முடிவு செய்தேன். அப்படிப் பார்த்தால் எந்தச் செயலியும் அருமைதான்.

சோதனைக்கு முன்பே நேர்கிற தவறு ஒன்று உண்டு. வெவ்வேறு வேலைக்கான மென்பொருள்களை ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிடுவதுதான் அது. உலாவி எந்தப் பக்கத்தையும் உள்ளது உள்ளபடி திறக்கிறது. ஓடை வாசிப்பான், நீங்கள் பட்டியலிட்ட தளங்களில் புதிதாக வருபவற்றை, அத்தளங்கள் வெளியிடும் ஓடைகளிலிருந்து (ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்ற வடிவில் உள்ள புதுப்பதிவுப் பட்டியல்கள்) திரட்டித் தருகிறது. இன்ஸ்டாபேப்பர், வாலபேக் போன்ற 'பிறகு வாசிக்க' வகைச் செயலிகள், நீங்கள் அனுப்பிவைக்கும் பக்கத்திலிருந்து உரையை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொள்கின்றன. பத்துத் தளங்களைத் தொடர்ந்து வாசிப்பவர் இந்த மூன்றாவது வகையை நிறுவிவிட்டுப் புதிய கட்டுரைகள் தாமாக வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்: நீங்கள் வாசித்தவை எங்கிருந்து வந்தன? நண்பர்கள் அனுப்பிய சுட்டிகளா, வழக்கமாகப் போகும் தளங்களா, தேடலில் அகப்பட்டவையா? எந்த வகை வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உலாவியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதே. ஐபோனில் சஃபாரியில் கோணலாகத் தெரியும் பக்கம் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் பெரும்பாலும் அதே கோணலோடுதான் தெரியும். ஆப்பிளின் விதிப்படி அங்கே பிற உலாவிகளும் ஆப்பிளின் வெப்கிட் பொறியின் (பக்கத்தைத் திரையில் வரையும் உள்மென்பொருளின்) மேல்தான் நீண்ட காலமாக இயங்கிவருகின்றன. 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 பதிப்போடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த விதி தளர்ந்தது. ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. அங்கே ஃபயர்பாக்ஸ் தன் சொந்தப் பொறியோடு இயங்குகிறது, 2023 டிசம்பர் முதல் நூற்றுக்கணக்கான நீட்சிகளையும் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்களையும்) ஏற்கிறது. விளம்பரத் தொல்லை ஒன்றுதான் உங்கள் குறை என்றால், புதிய வாசிப்புச் செயலி எதுவும் தேவையே இல்லை. ஒரு விளம்பரத் தடுப்பான் போதும்.

வாசிப்பு முறையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது அடுத்த தவறு. பக்கத்தின் இரைச்சலை நீக்கி உரையை மட்டும் காட்டும் இந்த வசதி, ஆர்க்90 என்ற குழு 2009-இல் வெளியிட்ட ரீடபிலிட்டி என்னும் சிறு நிரலிலிருந்து பரவியது. மறு ஆண்டே சஃபாரி 5-இல் அது போன்ற வசதி இடம்பெற்றது. ஃபயர்பாக்ஸின் வாசிப்பு முறை இன்றும் அந்த நிரலின் வழித்தோன்றலையே பயன்படுத்துகிறது. அந்த நிரலுக்குக் கட்டுரை எது, விளம்பரம் எது என்று புரியாது. அது மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். பத்தி நீளமாக இருந்தால் மதிப்பெண் கூடும். பத்தியில் உள்ள காற்புள்ளிகளைக்கூட எண்ணிக் கூட்டும். சுட்டிகள் மலிந்த பகுதிக்குக் குறைக்கும். 25 குறியீடுகளுக்கும் குறைவான பத்தியைக் கணக்கில் எடுக்காது. அதிக மதிப்பெண் பெற்ற பகுதியே கட்டுரை என்று உங்கள் முன் வைக்கப்படுகிறது.

இதன் விளைவை ஒரு கவிதைப் பக்கத்தில் காணலாம். ஒவ்வொரு அடியும் தனிப் பத்தியாக, இரண்டு மூன்று சொற்களோடு, காற்புள்ளியே இல்லாமல் நிற்கிறது. அதன் கீழே யாரோ எழுதிய நீண்ட கருத்துரை இருக்கிறது. நிரலின் கணக்கில் கருத்துரை வென்று கவிதை காணாமல்போக வாய்ப்பு உண்டு. அட்டவணைகள், அடிக்குறிப்புகள், திரையை உருட்டும்போது மட்டும் தரவிறங்கும் படங்கள் ஆகியவற்றுக்கும் இதே கதி நேரலாம். ஆகவே சோதனைக்கு எளிய செய்திக் கட்டுரையை எடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக வாசிப்பவற்றில் மிகவும் சிக்கலான பக்கத்தை எடுத்து, மூலப் பக்கத்தையும் வாசிப்பு முறையையும் அருகருகே வைத்துக் கடைசி வரி வரை ஒப்பிடுங்கள். விடுபட்டதை விடுபட்டதாகக் காட்டாத செயலியை நான் வைத்துக்கொள்வதில்லை.

என்னை அதிகம் ஏமாற்றியது இணைப்பில்லா வாசிப்பு. நெடும்பயணம் ஒன்றுக்கு முந்தைய இரவு முப்பது கட்டுரைகளைச் சேமித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன். இணைப்பு அறுந்த இடத்தில் செயலியைத் திறந்தால், பட்டியலில் முப்பதும் இருந்தன. திறந்து பார்த்தால் ஏறத்தாழ பாதியில் தலைப்பும் முதல் இரண்டு வரிகளும் மட்டுமே இருந்தன. காரணங்கள் பிறகுதான் புரிந்தன. பகிர்வுப் பொத்தானை அழுத்தும்போது பல செயலிகளில் சுட்டி மட்டுமே சேமிக்கப்படுகிறது. உரை தரவிறங்க வேண்டுமானால் செயலியை ஒரு முறையாவது இணைப்போடு திறந்து காத்திருக்க வேண்டும். மின்கலத்தைக் காப்பதற்காகக் கைப்பேசியின் இயங்குதளம் பின்னணி வேலைகளை நிறுத்திவைப்பதும் உண்டு. சஃபாரியின் வாசிப்புப் பட்டியலிலும் தானாக இணைப்பின்றி வாசிக்கச் சேமிப்பதற்கு அமைப்புகளில் தனிப் பொத்தான் இருக்கிறது. அதை இயக்காமல் சேமித்தால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும்.

இன்னொரு காரணம் இவற்றைவிட நுட்பமானது. சில சேவைகள் பக்கத்தை உங்கள் கைப்பேசியிலிருந்து எடுப்பதில்லை. தங்கள் வழங்கியிலிருந்து (சேவையை நடத்தும் தொலைக்கணினியிலிருந்து) போய் எடுத்துவருகின்றன. நீங்கள் சந்தா செலுத்தி உள்நுழைந்து வாசிக்கும் தளத்துக்கு அந்த வழங்கி முன்பின் தெரியாத ஆள். ஆகவே வாசலில் கிடைக்கும் முதல் பத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. உங்கள் திரையில் முழுக் கட்டுரையும் இருக்க, சேமிப்பில் அரைக் கட்டுரை இருப்பது இதனால்தான். திரையில் தெரிவதை அப்படியே பிடித்து அனுப்பும் உலாவி நீட்சியோ பகிர்வு வசதியோ அந்தச் சேவைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது எந்தச் செயலியை நிறுவினாலும் நான் முதலில் செய்வது இதுதான். நீளமான ஒன்று, படங்கள் நிறைந்த ஒன்று, அட்டவணை உள்ள ஒன்று, உள்நுழைவு தேவைப்படும் ஒன்று, தமிழில் ஒன்று என ஐந்து பக்கங்களைச் சேமித்து, செயலியைத் திறக்காமலே விமானப் பயன்முறையை இயக்கி, கைப்பேசியை அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கிறேன். அணைத்து இயக்குவது முக்கியம்; நினைவகத்தில் தற்காலிகமாகத் தங்கியிருப்பதைச் சேமித்ததாக எண்ணி ஏமாறுவதை அது தடுக்கும். பிறகு இதையே, செயலியை ஒரு முறை இணைப்போடு திறந்துவிட்டுச் செய்து பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்தச் செயலி எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடும்.

செயலி நிலைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதும் தவறே. 2005-இல் தொடங்கப்பட்ட ஓடை வாசிப்பானான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. 'பிறகு வாசிக்க' வகைச் சேவையான ஆம்னிவோர் 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டது. 2007-இல் தொடங்கி, 2017-இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் கைக்கு வந்த, அதே வகையைச் சேர்ந்த பாக்கெட், 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. இவற்றில் பெயர் தெரியாத சிறு முயற்சிகள் என்று ஒதுக்கத்தக்கவை அதிகமில்லை. கூகுள் ரீடரிலிருந்து வெளியேறியவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது: ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவில் எடுத்துச் சென்று வேறு வாசிப்பானில் ஏற்ற முடிந்தது. சேமித்த கட்டுரைகளுக்கு அப்படி ஒரு பொது வடிவம் ஊன்றவில்லை. பாக்கெட் தந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பை) திறந்தால் ஒவ்வொரு வரியிலும் தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், குறிச்சொற்கள், வாசித்ததா இல்லையா என்ற நிலை ஆகிய ஐந்தும் இருக்கும். அந்த நேரம்கூட நாளாக இல்லாமல், 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக, பத்து இலக்க எண்ணாக நிற்கும். கட்டுரையின் உரை அதில் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் சேமித்த பக்கம் இதற்குள் இணையத்திலிருந்து மறைந்திருந்தால், கையில் இருப்பது அதன் தலைப்பு மட்டுமே.

ஏற்றுமதிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், நிறுவிய முதல் வாரத்திலேயே அதை அழுத்தி, வந்த கோப்பைத் திறந்து, வரிகளை எண்ணி, அடிக்கோடிட்டவையும் குறிப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, முடிந்தால் வேறொரு செயலியில் ஏற்றியும் பாருங்கள். இபப் என்ற மின்னூல் கோப்பாகவோ உரையோடு கூடிய எச்டிஎம்எல் கோப்பாகவோ எடுக்க முடிந்தால் மிக நல்லது. நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்றால் கவலையில்லை என்பார்கள். பாதிதான் உண்மை. ஆம்னிவோரும் திறந்த மூலந்தான். நிரல் மிஞ்சியது, அதை நடத்திவந்த சேவை மூடப்பட்டது. வாலபேக்கைச் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அதன் பிறகு காப்புப் பிரதி எடுப்பதும் புதுப்பிப்பதும் உங்கள் பொறுப்பு. அதற்குப் பொழுது இல்லாதவர்கள் முக்கியமான கட்டுரைகளை மட்டும் கோப்பாக எடுத்துவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தமிழில் வாசிப்பவர்களுக்கென்றே சில சோதனைகள் உண்டு. ஆங்கில மதிப்புரைகளை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இவை எவையும் தெரியாது. எழுத்துருத் தெரிவில் பன்னிரண்டு எழுத்துருக்கள் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். ஆங்கிலச் சொற்கள் மட்டும் உருமாறும், தமிழ் அப்படியே நிற்கும். அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் இயங்குதளத்தின் தமிழ் எழுத்துருவையே செயலி எடுத்துக்கொள்கிறது. வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்காக நெருக்கப்பட்டிருந்தால், மேல்வரியின் 'கூ', 'நூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் புள்ளிகளோடும் கொக்கிகளோடும் முட்டும். இரு ஓரமும் நேராக்கும் அமைப்பைத் தமிழுக்கு அணைத்துவிடுவதே நல்லது. 'கொண்டிருக்கவேண்டியிருந்தது' போன்ற ஒரு சொல் கைப்பேசித் திரையின் ஒரு வரியை ஏறத்தாழ நிரப்பிவிடும். அதற்கு முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இழுத்து நிரப்பும்போது நடுவில் ஒரு வாய்க்கால் விழும்.

தேடலிலும் சிக்கல் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள கொ-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருநிலைப்படுத்தாத செயலியில் தேடினால், திரையில் கண்முன் இருக்கும் சொல்லையே இல்லை என்று சொல்லும். முழுச் சொல்லை மட்டும் பொருத்திப் பார்க்கும் தேடல் தமிழுக்கு அறவே உதவாது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' எவையும் அகப்படா. 'மர' என்று மட்டும் தட்டிப் பாருங்கள். இவை வந்தால் தேடல் தேறியது. உரையைக் குரலில் கேட்கும் வசதி வேண்டுவோர், பட்டியலில் தமிழ்க்குரல் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. இடையிடையே ஆங்கிலச் சொற்கள் வரும் கட்டுரையை ஓடவிட்டு, மொழி மாறும் இடத்தில் குரல் திணறுகிறதா, சொற்களை விழுங்குகிறதா என்று கேளுங்கள்.

தரவைச் சிக்கனப்படுத்தும் உலாவிகளைத் தேர்ந்தெடுப்போர் அந்தச் சிக்கனம் எப்படி நடக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஓபரா மினி போன்றவை பக்கத்தை முதலில் தங்கள் வழங்கியில் திறந்து, சுருக்கி, உங்களுக்கு அனுப்புகின்றன. மிகையாகச் சுருக்கும் முறையில், பூட்டுக் குறியோடு வரும் பக்கமும் நடுவில் உள்ள அந்த வழங்கியில் பூட்டுத் திறக்கப்பட்டே வருகிறது. கட்டுரை வாசிக்க அதனால் பெரிய தீங்கில்லை, வங்கிக் கணக்கைத் திறக்க அந்த வழி வேண்டாம். குரோமில் இருந்த இதையொத்த லைட் முறை 2022 மார்ச்சில் நீக்கப்பட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து இன்னும் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒன்று. 2007-இல் வந்த முதல் ஐபோன், பக்கங்களை 980 புள்ளி அகலத் திரைக்கு வரைந்து சுருக்கிக் காட்டியது. இரு விரலால் விரித்து வாசிக்கும் பழக்கம் அதிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது. விரித்தால் வரி திரைக்கு வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். இன்றைய அணுகல்தன்மை நெறிகள் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்றும், 320 புள்ளி அகலத்தில் பக்கவாட்டு உருட்டல் இல்லாமல் உரை மடங்கி வர வேண்டும் என்றும் கேட்கின்றன. கைப்பேசியின் அமைப்புகளில் எழுத்தளவை உச்சத்துக்குக் கொண்டுபோய்ச் செயலியைத் திறந்தால், அதற்கு இணங்கும் செயலி எது, கண்டுகொள்ளாத செயலி எது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படாத வயதில் நான் இதைச் சோதித்ததே இல்லை.

கட்டணத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி காட்டுவது முதல் வாரத்தில்தான், மேலே சொன்ன சோதனைகள் முடியாத நேரத்தில். மாதச் சந்தாவில் தொடங்கி, அதை நிறுத்தினால் என்னென்ன பூட்டப்படும் என்று பாருங்கள். புதிதாகச் சேமிப்பது மட்டும் நின்றால் பரவாயில்லை. ஏற்கெனவே அடிக்கோடிட்டவற்றையும் தேடலையும் ஏற்றுமதியையும் சேர்த்துப் பூட்டும் சேவையாக இருந்தால், இலவசக் காலம் முடியும் முன்பே கோப்பை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடலாம்.